கரியடுப்பில் முதல் கோழி: கிரில்லும் புகையும் பழகுவோருக்கு

வீட்டுச் சமையலில் நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள்கூடக் கரியடுப்பின் முன் முதன்முதலாக நிற்கும்போது தடுமாறுவார்கள். கேஸ் அடுப்பில் திருகைத் திருப்பினால் தீ குறைந்துவிடும். கரிக்குத் திருகு கிடையாது. நானும் முதல் தடவை கொழுந்துவிட்டு எரிந்த கரிக்கு நேர் மேலே கோழித் தொடைகளை வரிசையாக அடுக்கினேன். பத்து நிமிடத்தில் தோல் கருகிவிட்டது. வெட்டிப் பார்த்தால் எலும்பை ஒட்டிய சதை பச்சையாகவே இருந்தது. மசாலாதான் சரியில்லை போலிருக்கிறது என்று அடுத்த வாரம் வேறு மசாலா அரைத்தேன். மறுபடியும் அதேதான். எனக்குத் தெரியாமல் இருந்தது நெருப்பைக் கையாளும் விதம் என்று புரியப் பல வாரங்கள் ஆயின. அதனால் இங்கே மசாலாக் குறிப்புகள் அதிகம் இருக்காது. நெருப்பு வசப்பட்டுவிட்டால் உங்களுக்குப் பிடித்த எந்த மசாலாவும் நன்றாகவே வரும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். கிரில் என்பது தணலுக்கு நேர் மேலே, 200 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் சட்டென்று சுட்டு எடுப்பது. மெல்லிய துண்டுகள், மீன், காய்கறிகளுக்கு அது பொருந்தும். புகையூட்டுவது என்பது நெருப்பிலிருந்து விலக்கி வைத்து, 105 முதல் 135 டிகிரி சூட்டில், மரப்புகையோடு மணிக்கணக்கில் வேகவைப்பது. இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழி உண்டு. அடுப்பை மூடிவிட்டு, 180 டிகிரி வாக்கில், தணல் இல்லாத பக்கத்தில் உணவை வைத்து வேகவிடுவது. புதியவர்கள் இந்த நடுவழியில் தொடங்குவதுதான் நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. இதில் தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்.

என்னென்ன வேண்டும்

மூடி போட்ட, மேலும் கீழும் காற்றுத்துளை உள்ள உருண்டைக் கரியடுப்பு ஒன்று போதும். இந்த வடிவத்துக்கு ஒரு பின்கதை உண்டு. சிகாகோ அருகே உலோக மிதவைகள் செய்த ஒரு பட்டறையில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் வேலை பார்த்தார். திறந்த அடுப்பில் சமைக்கும்போது காற்றும் சாம்பலும் கொடுத்த தொல்லை பொறுக்காமல், 1952இல் மிதவையின் அரைக்கோளத்தை எடுத்துக் கால்களும் மூடியும் பொருத்தினார். இன்று பலரும் வைத்திருக்கும் கெட்டில் கிரில் அப்படி வந்ததுதான். மூடியின் வேலை வெறுமனே மூடுவது அல்ல. உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்பதை உங்கள் கைக்குள் கொண்டுவருவது அதுதான்.

அடுத்ததாக, கரி பற்றவைக்கும் உலோகக் குழல் ஒன்று. நீளமான இடுக்கி, தடித்த கையுறை, கொழுப்பைப் பிடிக்க ஓர் அலுமினியத் தட்டு இவையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் வாங்குங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மற்றதையெல்லாம் தள்ளிப்போட்டு இதை வாங்கச் சொல்வேன். மூடியில் பதித்து வரும் மானியை மட்டும் நம்ப வேண்டாம். அது மூடியின் உயரத்தில் உள்ள சூட்டைக் காட்டுகிறது, உணவு இருப்பதோ கீழே கம்பித்தட்டில். இரண்டுக்கும் பத்து இருபது டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம்.

கேஸ் கிரில் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். ஒரு பக்க பர்னரை மட்டும் எரியவிட்டால் அதே இரண்டு பக்க முறை கிடைத்துவிடும். பற்றவைப்பதற்கு முன் மூடியைக் கட்டாயம் திறந்து வையுங்கள். குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

எங்கே வைப்பது

இதை அவசரமாகப் படித்துக் கடந்துவிடாதீர்கள். எரியும் கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளிவிடும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. வீட்டுக்குள், கார் நிறுத்தும் அறையில், கூடாரத்துக்குள், அடைத்த பால்கனியில் கரியடுப்பு கூடவே கூடாது. கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்தாலும் கூடாது. மழைக்காக அடுப்பை உள்ளே இழுத்து வைப்பதும், அணைந்துவிட்டது என்று நினைத்துச் சூடான அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோவதும் உயிரையே பறித்திருக்கின்றன. திறந்தவெளியில், சமதரையில், சுவரிலிருந்தும் மரக்கிளைகளிலிருந்தும் மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். குழந்தைகள் ஓடி விளையாடும் வழியில் வேண்டாம்.

கரியும் பற்றவைப்பதும்

கரி இரண்டு வகையாகக் கிடைக்கும். மரத்தை அப்படியே எரித்தெடுத்த கட்டிக்கரி சீக்கிரம் பற்றும், அதிகச் சூடு தரும், சீக்கிரம் தீரும். அளவும் ஒழுங்காக இருக்காது. கரித்தூளை அச்சில் அழுத்திச் செய்த பிரிக்கெட் நிதானமாக, ஒரே சீராக, நீண்ட நேரம் எரியும். பழகும் காலத்தில் பிரிக்கெட்டே வசதி. எத்தனை துண்டு போட்டால் எவ்வளவு சூடு வருகிறது என்று எண்ணிப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும். பற்றும் திரவம் ஏற்கெனவே ஊட்டிய கரியைத் தவிர்த்துவிடுங்கள், அந்த வாடை உணவில் ஏறும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

குழலில் கரியை நிரப்பி, அடியில் இரண்டு கசக்கிய செய்தித்தாளை வைத்துப் பற்றவையுங்கள். சூடான காற்று மேலே போகப் போக, கீழிருந்து புதுக்காற்றை இழுத்துக்கொள்ளும். விசிற வேண்டியதில்லை. 15 முதல் 20 நிமிடத்தில் மேல்கரியின் விளிம்புகளில் வெளிர்சாம்பல் பூக்கும். அதுதான் பதம். அதற்கு முன்பே கொட்டிவிடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு. சமைப்பது கொழுந்து அல்ல, தணல். கொழுந்து அடங்கிக் கனல் மட்டும் நிற்கும்வரை பொறுத்திருங்கள்.

இப்போது தணலை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் கொட்டுங்கள். மறுபாதி காலியாக இருக்கட்டும். காலிப் பக்கத்தில் அலுமினியத் தட்டை வையுங்கள். கம்பித்தட்டை மேலே பொருத்தி, மூடி, பத்து நிமிடம் சூடேறவிடுங்கள். இதைத்தான் இரண்டு பக்க நெருப்பு என்கிறேன். ஒரு பக்கம் சுடும், ஒரு பக்கம் வேகவைக்கும். எது கருகத் தொடங்கினாலும் இடுக்கியால் எடுத்து மறுபக்கம் வைத்துவிடலாம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

காற்றுத்துளைகள்

கீழ்த்துளை வழியாகக் காற்று உள்ளே போகிறது, மேல்துளை வழியாகப் புகையும் சூடும் வெளியேறுகின்றன. காற்று கூடினால் சூடு கூடும், குறைந்தால் குறையும். மேல்துளையைப் பெரும்பாலும் முழுதாகத் திறந்தே வைத்துவிட்டு, கீழ்த்துளையால் சூட்டைக் கட்டுப்படுத்துங்கள். மேல்துளையை அடைத்தால் பழைய புகை உள்ளேயே தேங்கி, உணவு கசக்கும்.

துளையைக் கொஞ்சம் நகர்த்தினால் பலன் தெரியப் பத்து நிமிடமாவது ஆகும். பொறுக்காமல் மறுபடி மறுபடி திருகினால் சூடு ஏறி இறங்கி அலையும். இன்னொன்று: சூடு மிஞ்சிப் போன பிறகு இறக்குவது கடினம், கீழிருந்து மெல்ல ஏற்றுவது எளிது. 180 வேண்டுமென்றால் 160ஐத் தாண்டும்போதே துளையைச் சிறிதாக்கத் தொடங்குங்கள். மூடியை அடிக்கடி திறந்து பார்ப்பதும் வேண்டாம். திறக்கும்போது உள்ளே நின்ற சூடு போய்விடும், கரிக்குக் காற்று கிடைத்துப் பிறகு தேவைக்கு மேல் எகிறும்.

முதல் சமையல்: எலும்பும் தோலும் உள்ள கோழித் தொடை

நெஞ்சுத் துண்டு வேண்டாம். கொஞ்சம் அதிகமாக வெந்தாலே வறண்டுவிடும். தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம், உங்கள் தவறுகளை அது பொறுத்துக்கொள்ளும்.

முந்தின நாள் இரவே ஒரு கிலோ தொடைக்கு இரண்டு தட்டைத் தேக்கரண்டி தூளுப்பைத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் அடித்தட்டில் வையுங்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த நீரிலேயே கரைந்து சதைக்குள் இறங்கும். கூடவே தோலும் காய்ந்துவிடும். தோல் எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு நன்றாகச் சிவக்கும். ஈரம் இருந்தால் சூடெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். சமைக்கும் முன் லேசாக எண்ணெய் தடவி, மிளகோ மற்ற மசாலாவோ தூவுங்கள். சர்க்கரை, தேன், இனிப்புச் சாஸ் எதுவும் இப்போது வேண்டாம்.

சரி, அடுப்பு 180 டிகிரிக்கு வந்துவிட்டது. தொடைகளைத் தணல் இல்லாத பக்கத்தில், தோல் மேலே இருக்கும்படி அடுக்குங்கள். மூடியின் மேல்துளை கோழிக்கு நேர் மேலே வரும்படி மூடுங்கள். சூடும் புகையும் உணவைக் கடந்துதான் வெளியேற வேண்டும். அரை மணி நேரம் அதைத் தொடாதீர்கள். பிறகு எலும்பில் படாமல், சதையின் தடித்த இடத்தில் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். கோழி பாதுகாப்பாக வேக 74 டிகிரி வேண்டும். தொடையை மட்டும் நான் 80ஐத் தாண்டும்வரை விடுவேன். 74இல் அது சாப்பிடத் தகுந்ததுதான், ஆனால் கொஞ்சம் ரப்பர் மாதிரி இழுக்கும். 80க்கு மேல் இணைப்புத் திசு இளகி மெத்தென்று ஆகும்.

வெந்ததும் தோல் கீழே இருக்கும்படி தணல் பக்கம் மாற்றி, இரண்டு மூன்று நிமிடம் பக்கத்திலேயே நின்று பாருங்கள். தோல் முறுகிச் சிவக்கும். சாஸ் தடவ வேண்டுமானால் இந்தக் கடைசி நிமிடங்களில்தான். சர்க்கரை சேர்ந்ததை முன்பே தடவினால் கோழி வேகும் முன் அது கருகிக் கசந்துவிடும்.

கொழுப்பு சொட்டித் தீ குப்பென்று எழும்பலாம். தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பலும் சுடுநீராவியும் முகத்துக்கு வரும். துண்டுகளை மறுபக்கம் நகர்த்தி மூடியைப் போட்டால் காற்றில்லாமல் தீ தானே அடங்கும். கருகிய பாகத்தை வெட்டி ஒதுக்கிவிடுங்கள். கொழுப்பு தணலில் விழுந்து எழும் புகையிலும், இறைச்சி கருகும்போதும் உடலுக்கு ஆகாத சேர்மங்கள் உண்டாகின்றன. கருக்கல்தான் கிரில்லின் ருசி என்று சிலர் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்வதில்லை. ருசி இருப்பது நன்றாகச் சிவந்த பழுப்பில்.

இறக்கியதும் ஐந்து பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பச்சைக் கோழி இருந்த தட்டில் வெந்ததை வைக்காதீர்கள், இடுக்கியையும் கழுவிவிடுங்கள். இறைச்சி ஊறிய மசாலா நீரைச் சாஸாகப் பயன்படுத்துவதென்றால் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே.

மற்றவற்றின் உள்சூடு:

- கொத்துக்கறியில் செய்தவை: 71 டிகிரி
- ஆடு, மாடு, பன்றியின் முழுத்துண்டுகள்: 63 டிகிரி, பிறகு மூன்று நிமிடமாவது ஆறவிட வேண்டும்
- மீன்: 63 டிகிரி

கொத்துக்கறிக்கு அளவு அதிகம் ஏன் என்றால், முழுத்துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், கொத்தும்போது அவை உள்ளே கலந்துவிடும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நன்கு வெந்த கோழியும் எலும்பை ஒட்டிச் சிவந்திருக்கலாம். புகையில் வெந்த இறைச்சியின் விளிம்பில் இளஞ்சிவப்பு வளையம் ஒன்று தெரியும். புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு சதையின் நிறமியோடு சேர்வதால் வருவது அது, வேகாததால் அல்ல.

மீன் ஒட்டிக்கொள்கிறது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கம்பியை நன்றாகச் சூடாக்கி, மீனைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தால், தோல் முறுகியதும் தானே விடுபடும். விடுபடாவிட்டால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். காய்கறிகளுக்குச் சொல்ல அதிகமில்லை: பெரிய துண்டாக வெட்டுங்கள், எண்ணெய் தடவுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

புகையூட்டுவது

கோழி நாலைந்து முறை நன்றாக வந்த பிறகு இதற்கு வாருங்கள். இங்கே சவால் குறைந்த சூட்டை நீண்ட நேரம் நிறுத்துவது. அதற்குக் கெட்டில் அடுப்பில் ஓர் எளிய வழி இருக்கிறது. பிரிக்கெட்டுகளை அடுப்பின் உள்சுவரை ஒட்டி, பக்கத்துக்கு இரண்டு, உயரத்துக்கு இரண்டு என்று பாம்பு போல வளைத்து முக்கால் வட்டம் அடுக்குங்கள். எட்டுப் பத்துக் கரியைத் தனியே பற்றவைத்து ஒரு முனையில் வையுங்கள். நெருப்பு அந்த முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல ஊர்ந்து போகும். நடுவில் தண்ணீர் நிறைந்த தட்டு, அதன் மேல் கம்பியில் இறைச்சி. கீழ்த்துளை கால்வாசி திறந்திருந்தால் பெரும்பாலும் 110 முதல் 125 டிகிரியில் பல மணி நேரம் நிற்கும். காற்று வீசும் நாளில் துளையை இன்னும் குறைக்க வேண்டிவரும்.

மரத்துண்டுகளைப் பாம்பின் முதல் பாதியின் மேல் இடைவெளி விட்டு வையுங்கள். முஷ்டி அளவில் மூன்று நான்கு போதும். காய்ந்த கடினமரம்தான் வேண்டும். ஆப்பிள், செர்ரி போன்ற பழமரங்களின் புகை மென்மை, ஓக் நடுத்தரம், ஹிக்கரி அழுத்தமானது. பைன் போன்ற பிசின் மரங்கள், பெயின்ட் அடித்த மரம், பழைய மரச்சாமான், பிளைவுட் இவை எதையும் எரிக்காதீர்கள். மரத்தைத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தண்ணீர் மரத்துக்குள் அதிகம் இறங்குவதில்லை, மேலே ஒட்டிய ஈரம் ஆவியாகும்வரை நல்ல புகை வருவதுமில்லை.

புகையைப் பார்த்தே நெருப்பின் நிலையைச் சொல்லலாம். திரண்டு வரும் வெள்ளைப் புகை என்றால் கரியோ மரமோ சரியாக எரியவில்லை, அது படிந்த இறைச்சி கசக்கும், நாக்கு மரத்துப்போகும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலமாக வருவதுதான் நல்ல புகை. வெள்ளைப் புகை அடங்கிய பிறகே இறைச்சியை உள்ளே வையுங்கள். புகை குறைவாகத் தெரிகிறதே என்று மேலும் மேலும் மரம் போட வேண்டாம்.

முதல் புகைச் சமையலுக்கு முழுக்கோழி நல்லது. முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டு, விரித்துத் தட்டையாக்கி வையுங்கள். தோல் ரப்பராகாமல் இருக்க, துளையைக் கொஞ்சம் கூட்டி 150 டிகிரியில் வேகவையுங்கள். அப்புறம் பெரிய துண்டுக்குப் போகலாம். பன்றித் தோள்பட்டையோ மாட்டு நெஞ்சுக்கறியோ, 120 டிகிரியில் கிலோவுக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். கடினமான இந்தத் துண்டுகள் மெத்தென்று ஆவதற்குக் காரணம், அவற்றில் உள்ள கொலாஜன் மெல்லமெல்ல ஜெலட்டினாக இளகுவது. அதற்குச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். அதனால்தான் 63 டிகிரியில் உண்ணத்தக்கதாகிவிட்ட துண்டை 93, 95 வரை கொண்டுபோகிறோம்.

நடுவில் ஒரு கட்டம் உங்களைப் பயமுறுத்தும். உள்சூடு 65, 70 டிகிரி வரை ஒழுங்காக ஏறிவிட்டு அப்படியே நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி ஆனாலும் முள் நகராது. முதல் தடவை நான் தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். நடப்பது இதுதான்: வியர்த்த உடம்பு காற்றில் குளிர்வது மாதிரி, இறைச்சியின் மேல் கசியும் ஈரம் ஆவியாகி, அடுப்பு கொடுக்கும் சூட்டை அந்தந்த நேரமே எடுத்துக்கொள்கிறது. பதறிக் கரியை அள்ளிப் போடாதீர்கள். காத்திருக்கலாம், அல்லது மேல்பக்கம் கருஞ்சிவப்பாகப் பொருக்கு கட்டிய பிறகு அலுமினியத் தாளில் இறுகச் சுற்றிவிடலாம். சுற்றினால் ஆவி வெளியேறாது, சூடு மறுபடி ஏறும், பொருக்கு மட்டும் கொஞ்சம் இளகும். 90ஐத் தாண்டிய பிறகு தெர்மாமீட்டர் ஊசி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் எடுத்துவிடலாம். சுற்றியபடியே ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

விருந்தினர் வருகிறார்கள் என்றால் கணக்குப் போட்ட நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகவே முடியும்படி தொடங்குங்கள். சீக்கிரம் முடிந்த இறைச்சியைத் தாளோடு துணியில் சுற்றி, காலியான ஐஸ்பெட்டிக்குள் வைத்தால் பல மணி நேரம் 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும். அந்த அளவுக்குக் கீழே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் உண்ணவோ ஃபிரிட்ஜில் வைக்கவோ வேண்டும். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான்.

குளிர்ப்புகை முறையில், அதாவது சூடே இல்லாமல் புகை மட்டும் காட்டி மீனையோ இறைச்சியையோ பதப்படுத்த இப்போது முயல வேண்டாம். அதற்கு உப்பின் அளவும் நேரமும் துல்லியமாகத் தெரிய வேண்டும். தவறினால் நஞ்சாகும் கிருமிகள் வளர அதைவிட வசதியான இடம் இல்லை.

குறித்துவைப்பதும் பகிர்வதும்

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். துண்டின் எடை, எத்தனை கரி, எந்த மரம், துளை எவ்வளவு திறந்திருந்தது, காற்று இருந்ததா, எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்று எழுதுங்கள். சமைத்ததை மற்றவர்களோடு பகிரும்போது படத்தோடு இந்த விவரங்களையும் சொல்லுங்கள். தளதளவென்று இருக்கும் ஒரு படத்தைப் பார்த்து எனக்கு ஆசை வந்திருக்கிறது. ஆனால், கைபிடித்து அழைத்துப் போனதெல்லாம், “ஐந்தாவது மணியில் சூடு இறங்கியது, கீழே சாம்பல் துளையை அடைத்திருந்தது, கிளறிவிட்டேன்” என்று யாரோ எழுதிய ஒரு வரிதான். சரியாக வராத நாளையும் சொல்லுங்கள். அதைப் படிப்பவர் ஒரு கிலோ இறைச்சியை வீணாக்காமல் தப்புவார்.

சமைத்து முடித்த பிறகு

மேலும் கீழும் துளைகளை முழுதாக அடையுங்கள். தணல் தானே அணையும். மேலே குளிர்ந்ததாகத் தெரிந்தாலும் சாம்பலுக்குள் ஒரு நாளுக்கு மேலும் கனல் இருக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியிலோ காய்ந்த இலைகள் மீதோ கொட்டிவிடாதீர்கள், மூடியுள்ள உலோக வாளிதான் சரி. கம்பித்தட்டு சூடாக இருக்கும்போதே கசக்கிய அலுமினியத் தாளை இடுக்கியில் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு போய்விடும். கம்பித் தூரிகையை நான் விட்டுவிட்டேன். அதன் இழை உதிர்ந்து கம்பியில் ஒட்டி, உணவோடு தொண்டைக்குள் போய்ச் சிலருக்கு அறுவைச் சிகிச்சை வரைக்கும் போயிருக்கிறது.

பாதி எரிந்த கரியைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த முறை சாம்பலை உதறிவிட்டு, குழலின் அடியில் புதுக்கரியும் அதன் மேல் பழையதுமாக நிரப்பினால் நன்றாகவே பற்றும்.